யாருக்கு இந்த எண்ணம்?

திருகோணமலைக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் சந்நிதிக்குச் செல்லும் அன்பர்கள், தாம் நடந்து செல்லும் வழியின் வரலாற்றை நினைந்து பார்ப்பது அரிது. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்தான். இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1782 சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் ஹியூஸ் அதனைக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுஃப்ரான் அதனை அவர்களிடமிருந்து பறித்தான். பிறகு மறுபடியும் ஒல்லாந்தர் கைக்கு மீண்டது. 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. எட்டு மாதத்துக்குள் இரு தடவை கைமாறிய கோட்டை அது. உள்ளே இருந்தவர் வெளியே வருவதும், வெளியே இருந்தவர் உள்ளே போவதுமாக நம் துறைமுகத்தின் கதை நடந்தது.

மனத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் பீரங்கியையும் கொத்தளத்தையும் எதற்குப் பேசுகிறான் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. மனத்தைக் கோட்டையாகக் கொண்டு பேசிய ஒரு துறவியின் சொல்லையே இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம். அவர் அந்தக் கோட்டையில் நம்மை எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்பதை நம்மிற் பலர் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

1896ஆம் ஆண்டு சூலை மாத நடுப்பகுதி. மதுரையிலே சொக்கப்ப நாயக்கன் தெருவில், சிறிய தந்தையார் வீட்டில், வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவன் தனியே இருந்தான். அமெரிக்க மிஷன் உயர்தரப் பாடசாலையிற் படிப்பவன். உடலிலே நோய் ஒன்றும் இல்லை. திடீரெனச் சாவு வந்துவிட்டது என்ற அச்சம் அவனைப் பற்றிக்கொண்டது. வைத்தியரை அழைக்கவும் இல்லை, வீட்டாரைக் கூப்பிடவும் இல்லை. கை கால்களை நீட்டிப் பிணம் போலக் கிடந்து, வாயை இறுக மூடி, சாகிறது என்றால் சாவது எது என்று தன்னையே கேட்டான். உடம்பு கட்டை போலக் கிடக்கிறது. இதனைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிடுவார்கள். ஆயின் இதையெல்லாம் அறிந்துகொண்டிருக்கும் நான் செத்தேனா? இந்த வினாவோடு அச்சம் நின்றுபோயிற்று. பின் அது திரும்பி வரவே இல்லை என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

ஆறு வாரத்துக்குப் பின், ஓகஸ்டு 29ஆம் நாள், பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதி வரும்படி விதிக்கப்பட்ட தண்டனையை எழுதிக்கொண்டிருந்த வேளையிலே, அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். இப்படியிருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று தமையன் கடிந்துகொண்டான். கடிந்துகொண்டவன் கல்லூரிக்குக் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாவில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிகுதி இரண்டையும் ஒரு குறிப்பையும் வைத்துவிட்டு, தம்பி புறப்பட்டுவிட்டான். செப்டெம்பர் முதலாந் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். அவரே பின்னாளில் இரமண மகரிஷி என உலகம் போற்றியவர். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் உடம்பு நீங்கும் வரை அம்மலையை விட்டு அகலாதவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாணவன் அச்சத்தை அடக்கவில்லை. அச்சப்படாதே என்று தனக்குத் தானே தைரியம் சொல்லவும் இல்லை. வந்த எண்ணத்தை வீட்டுத் திண்ணையில் இருத்தி, நீ யார், யாரைத் தேடி வந்தாய் என்று விசாரித்தான்.

இந்த விசாரணை எழுத்து வடிவம் பெற்ற கதையும் சுவையானது. சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் தென்னாற்காட்டு மாவட்டத்தில் வருவாய்த் துறை உத்தியோகத்தர். கல்லூரியில் தத்துவம் பயின்றவர். 1902 அளவில் உத்தியோக காரியமாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர், விருபாட்சி குகையில் இளந்துறவி ஒருவர் இருக்கிறார் என்று கேள்வியுற்று மலையேறினார். துறவிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பேசுவதில்லை. பிள்ளையவர்கள் வினாவ, அவர் விடைகளை மணலிலும் கற்பலகையிலும் காகிதத்திலும் எழுதிக் காட்டினார். முதல் வினாவே "நான் யார்?" என்பது. அதையொட்டி மனம் என்பது யாது, அது எப்படி அடங்கும், அடங்கும் வரை என்ன செய்வது என வினாக்கள் தொடர்ந்தன. மணலில் எழுதியது காற்றோடு போயிற்று; பிள்ளையவர்கள் தம் ஏட்டிற் குறித்தது நின்றது. ஏறக்குறைய இருபத்தொரு ஆண்டுகள் ஏட்டிற் கிடந்து, 1923இல் அச்சேறியது. பதிப்புக்குப் பதிப்பு வினாக்களின் தொகை வேறுபடும். 28 வினாக்கள் கொண்டதே இன்று பரவலாகக் கிடைப்பது. வினாக்களை நீக்கி மகரிஷி தாமே கட்டுரையாக அமைத்த வடிவமும் உண்டு. அரை மணித்தியாலத்தில் வாசித்து முடிக்கக்கூடிய இந்தச் சிறு நூலைத் தேடி உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். நம்மவர் வீட்டு அலுமாரிகளில் அது பூச்சி அரித்துக் கிடக்கிறது.

நூல் சொல்லும் வழி இதுதான். ஓர் எண்ணம் எழுகிறது. அதன் பின்னே போகாதே. அதோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். இந்த எண்ணம் யாருக்கு எழுந்தது என்று கேள். எனக்கு என்று விடை வரும். அந்த நான் யார் என்று மறுபடி கேள். அப்பொழுது மனம் தான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். கவனிப்பாரற்ற எண்ணம் தானே ஒடுங்கும். ஒடுங்கி மறுபடி எழுந்தால் மறுபடி கேள். கடைசியில் அந்த வினாவும் நிலைக்காது. சுடலையிலே பிணத்தைக் கிளறிவிடும் தடி முடிவில் தானும் எரிந்து போவது போல அதுவும் போய்விடும்.

கோட்டை உவமை இந்த இடத்தில்தான் வருகிறது. எண்ணங்களைக் கோட்டைக்குள் இருக்கும் பகைவராக நூல் கூறுகிறது. உள்ளே பகைவர் இருக்குமட்டும் ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டுதான் இருப்பர். வர வர வெட்டிக்கொண்டிருந்தால் கோட்டை கைவசமாகும். நம்மவர் பிரசங்கங்களில் இவ்வுவமையைக் கையாளும்போது, நாம் கோட்டைக்குள் இருப்பதாகவும் தீய எண்ணங்கள் வெளியிலிருந்து முற்றுகையிடுவதாகவும் சொல்லிவிடுகிறார்கள். நூலில் அப்படியில்லை. உள்ளே இருப்பவை எண்ணங்கள். வெளியே பாசறை அமைத்துக் காத்திருப்பவர் நாம்.

இந்த வேறுபாடு சிறியதன்று. உள்ளே இருந்து காப்பவனுக்கு ஓயாத பதற்றம். எந்த மதிலை எவன் ஏறுவானோ என்று இரவெல்லாம் விழித்திருப்பான். அவன் பலம் நாளுக்கு நாள் குறையும். முற்றுகையிடுபவனுக்கு அவசரமில்லை. வாயிலைப் பார்த்துக்கொண்டு இருப்பதே அவன் வேலை. நேரம் அவன் பக்கம். மனத்தின் சக்தியைக் காப்பது என்றால் வெளியே உள்ள எல்லாவற்றையும் தடுத்து மதில் எழுப்புவது என்று நம் வாலிபர் பலர் நினைக்கின்றனர். கைத்தொலைபேசியை எறிந்துவிடுவேன், நண்பரைச் சேரமாட்டேன், சினிமாப் பாட்டுக் கேட்கமாட்டேன் என்று தைப்பொங்கலில் விரதம் பூண்டு மாசிக்குள் அதை முறித்துவிட்டு, முறித்ததற்காக வேறு மனம் வருந்துகின்றனர். இவை கூடாத கட்டுப்பாடுகள் என்று சொல்ல வரவில்லை. ஆயின் மதில் எழுப்பும் வேலைக்கே உள்ள சக்தி முழுதும் செலவாகிவிடுகிறதே!

பரீட்சையை எடுத்துக்கொள்வோம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தை விரிக்கிறது. எனக்கு இது ஏறாது, அப்பா கடன்பட்டுப் படிப்பிக்கிறார், தோற்றால் முகத்தில் விழிக்க முடியாது என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணங்கள் வருகின்றன. இவற்றோடு வாதிட்டுப் பயனில்லை. ஒன்றை வென்றால் அதன் மச்சான் வருவான். யாருக்கு இந்த எண்ணம் என்று ஒரு தடவை உண்மையாகக் கேட்டுப் பார்த்தால், எண்ணம் ஒரு பக்கமும் அதனைப் பார்ப்பவன் ஒரு பக்கமுமாகச் சற்று விலகுகிற அனுபவம் கிடைக்கும். அந்தச் சிறிய இடைவெளியிலே பாடத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். மகரிஷி கேட்டது இதைவிடப் பெரிய காரியம் என்பது உண்மையே. ஆயினும் பெரிய வழியின் முதற் காலடி சிறியதாக இருப்பதில் குற்றமில்லை.

மனத்தின் சக்தியைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. மனம் அளவற்ற எண்ணங்களாக விரியும்போது ஒவ்வோர் எண்ணமும் பலமற்றுப் போகிறது. எண்ணங்கள் ஒடுங்க ஒடுங்க மனம் ஒருமுகப்பட்டு வலிமை பெறுகிறது என்பது அதன் கருத்து. அளவான சாத்துவிக உணவு அதற்கு உதவி என்கிறது. மூச்சை அடக்குவதும் உதவியே. ஆனால் அதனால் வரும் அடக்கம் மூச்சு அடங்கியிருக்கும் வரைக்குந்தான். யானையின் துதிக்கை ஓயாமல் அசையும். அதில் ஒரு சங்கிலியைக் கொடுத்துவிட்டால் அதையே பற்றிக்கொண்டு அசையாமற் போகும். மனத்துக்கு நாமமோ உருவமோ கொடுத்தால் அதுவும் அப்படியே என்று கூறுகிறது. வன்னிக் காட்டோரத்தில் யானையைக் கண்டவர்களுக்கு இவ்வுவமைக்கு விளக்கம் வேண்டாம். இன்னொன்றையும் சொல்கிறது: கூட்டித் தள்ள வேண்டிய குப்பையைக் கிளறிக் கிளறி ஆராய்வதாற் பயனில்லை. பழைய மனத்தாங்கலை வாரத்துக்கு ஒரு முறை வெளியில் எடுத்து உலர்த்தும் நம் வழக்கத்தை நினைக்கும்போது இந்தச் சொல் என்னைச் சுடுகிறது.

இனி ஒரு தடையைச் சந்திக்க வேண்டும். நம் சங்கத்தின் பெரியோரிடத்து இந்த நூலைப் பற்றிப் பேசினால், அது மாயாவாதம், நமக்குச் சைவசித்தாந்தமே போதும் என்று கூறுவோர் உளர். அவர்கள் ஐயம் பொருளற்றதன்று. ஆறுமுக நாவலர் 1879 டிசம்பர் 5ஆம் நாள் சிவபதம் எய்தினார். அதே மாதம் 30ஆம் நாள் திருச்சுழியில் வேங்கடராமன் பிறந்தார். இது தற்செயலே, எனினும் நாவலர் வழி நின்ற சைவத்துக்கும் இரமணர் வழி வந்த ஆன்ம விசாரத்துக்கும் உள்ள உறவை எண்ணும்போதெல்லாம் இந்த இருபத்தைந்து நாள் இடைவெளி என் நினைவுக்கு வரும். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பது சித்தாந்தம். நான் என்பதைத் தேடிச் சென்றால் ஆன்மசொரூபம் ஒன்றே எஞ்சும் என்பது விசார மார்க்கம். முடிவிலே இரண்டும் ஒன்று என்று சொல்லி இரு தரப்பையும் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. முடிவு வேறு.

தொடக்கம் வேறன்று. மெய்கண்ட தேவர் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரம், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்று அன்று என்று நிறுவுகிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கும் அமைச்சரைப் போல. ஆன்மா அரசனைப் போல. அமைச்சர் பேசுவதையெல்லாம் அரசனே பேசுவதாக எண்ணிவிட்டால் அரசு என்னாகும்? எண்ணத்தை நான் என்று கொள்வது அத்தகைய மயக்கமே. தசகாரியத்தில் தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி என முதல் மூன்று படிகள், கருவிகளைக் கருவிகளென்று கண்டு அவற்றினின்று நீங்குவதைக் கூறுவன. யாருக்கு இந்த எண்ணம் என்னும் வினா இந்த மூன்று படிகளையும் ஒருவன் சமயச் சாத்திரம் படியாமலே ஏறுவதற்குத் துணையாகிறது. அதற்குப் பின் வழி பிரியும் இடத்தில், சைவன் சிவத்தைச் சார்ந்து தன் வழியிற் செல்லட்டும். தேரடி வரைக்கும் ஒரே வீதியால் வந்தவர்கள் அங்கே பிரிந்து போவதில் என்ன குறை?

தேரடி என்றவுடன் நல்லூர் நினைவுக்கு வருகிறது. இந்த வினா திருவண்ணாமலைக்கு மாத்திரம் உரியதன்று; ஈழத்திலும் ஏறக்குறைய அதே காலத்தில் ஒலித்தது. நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி என்று ஒருவர் இருந்தார். ஊரார் அவரைப் பைத்தியம் என்றனர், தமக்குத் தாமே பேசுவார், அண்டினாரை ஏசுவார். 1872இல் பிறந்த ஒருவர் நீர்ப்பாசன வேலைத் திட்டத்திலே களஞ்சியப் பொறுப்பாளராகக் கிளிநொச்சியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். 1905 அளவில் அவர் நல்லூருக்கு வந்தபோது, தேர்க்கொட்டிலிலிருந்து, நீ யார் என்று செல்லப்பா சுவாமி அதட்டினார். அந்த ஓர் அதட்டல் அவர் வாழ்வை மாற்றியது. உத்தியோகத்தைத் துறந்து அவர் காலடியிற் கிடந்து, பின்னர்க் கொழும்புத்துறையிற் குடிசையொன்றில் வாழ்ந்து, 1964 மார்ச்சு மாதத்திற் சமாதியடைந்த யோக சுவாமிகளே அவர்.

திருவண்ணாமலையில் வினா கேட்டவர் உத்தியோகத்தர். விடை சொன்னவர் மௌனி. நல்லூரில் வினா கேட்டவர் ஞானி. திகைத்து நின்றவர் உத்தியோகத்தர். அங்கே கற்பலகை, இங்கே அதட்டல். யாழ்ப்பாணத்து இயல்புக்கு அதட்டலே பொருத்தம் என்று நம் கிழக்கு மாகாணத்தார் வேடிக்கையாகச் சொல்வது உண்டு! செல்லப்பா சுவாமியிடமிருந்து வந்த மகாவாக்கியங்கள் நான்கனுள் ஒன்று, நாம் அறியோம் என்னும் பொருளுடையது. தன் எண்ணத்தின் மேல் ஒருவன் தொடுக்கும் வினாவுக்கு அதுவே மிக நேர்மையான விடையாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டான் என்னை இகழ்ந்தான் என்று எண்ணம் சொல்கிறது. உண்மையில் நாம் அறிவோமா? அறியோம். அறியாத ஒன்றின் மேல் இரவு நித்திரையைப் பலி கொடுக்கிறோம்.

சைவருக்கு மாத்திரந்தான் இந்தத் தேடல் வாய்த்தது என்று பெருமை பேசுவதற்கும் இடமில்லை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் இதே தீவில், மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில், பாளி மறைநூல்கள் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டன. அவற்றிலே புத்தர் தம் எண்ணங்களை இரு கூறாகப் பிரித்து ஆராய்ந்த வரலாறு ஒன்று வருகிறது. பயிர் விளைந்து நிற்கும் காலத்தில் மாடு மேய்ப்பவன் கோலெடுத்து மாடுகளை ஓயாமல் தடுக்க வேண்டும். அறுவடை முடிந்த பின் மரநிழலில் இருந்து, மாடுகள் அங்கே நிற்கின்றன என்று அறிந்திருந்தாற் போதும் என்பது அதிலுள்ள உவமை. கொட்டியாரத்து வயலில் மாட்டுக்குக் காவல் இருந்தவனுக்கு இது தன் வீட்டுக் கதை.

மேல்நாட்டாரும் தம் வழியில் இவ்விடத்துக்கு வந்து சேர்ந்தனர். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரொன் பெக் என்னும் மனநோய் வைத்தியர், மனச்சோர்வுற்ற நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். அவர்கள் பேசும் பேச்சுக்குப் பின்னால், தம்மைத் தாமே பழிக்கும் எண்ணங்கள் மின்னலைப் போல ஓடிக்கொண்டிருந்தன. நோயாளர் அவற்றைக் கேள்வியின்றி நம்பினர். அந்த எண்ணத்துக்கு என்ன சான்று, வேறு விதமாக விளங்க இடமில்லையா என்று நோயாளரே தம்மைக் கேட்கும்படி அவர் பழக்கினார். அம்முறை இன்று உலகெங்கும் ஆசுபத்திரிகளில் வழங்குகிறது. பெக் 2021இல் நூறு வயதிற் காலமானார். அவர் வினாவுக்கும் மகரிஷியின் வினாவுக்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. எண்ணம் உண்மையா என்று கேட்டார் பெக். எண்ணம் யாருடையது என்று கேட்டார் மகரிஷி. முன்னது வழக்கை விசாரிக்கிறது. பின்னது வழக்காளியையே கூண்டில் ஏற்றுகிறது. நாளாந்த வாழ்வுக்கு முன்னதே பல வேளைகளிற் கைகொடுக்கும் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கம் வேண்டாம்.

மனசக்தி என்று இத்தனை தடவை சொல்லிவிட்டேன், அது என்ன? நம் மாவட்டத்தில் வளர்ந்தவனுக்குச் சக்தி என்றதும் குளத்து நீர்தான் மனத்தில் வரும். 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளக்கோட்டன் கட்டியதென்று நம் ஐதிகம் போற்றும் அக்குளம் அத்தனை நூற்றாண்டாகத் தேக்கி வைத்த நீர், கட்டு விட்டபோது பயிரை வளர்க்கவில்லை, ஊரை அழித்தது. கோபத்தையும் துயரத்தையும் உள்ளே தேக்கித் தேக்கி மனக்கட்டை உயர்த்திக்கொண்டு போகிறவர்களுக்கு அதை ஒரு பாடமாகச் சொல்லத் தோன்றும்.

ஆனால் உவமை உவமைதான். மனசக்தி உண்மையிலே குளத்து நீரைப் போலச் செலவாகித் தீரும் ஒரு பண்டமா? 1998இல் ரோய் பௌமைஸ்டர் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவர் தோழரும், ஒரு காரியத்தில் தன்னடக்கத்தைச் செலவிட்டவர்கள் அடுத்த காரியத்தில் விரைவில் தளர்கின்றனர் என்று பரிசோதனை செய்து வெளியிட்டனர். கல்லூரிகள் எல்லாம் அதைப் போதித்தன. 2016இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து ஒரே முறையில் மறுபடி சோதித்தபோது, அந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே கண்டன. சர்ச்சை இன்னும் ஓயவில்லை. வாலிபரை அச்சுறுத்திப் பிரமசரியம் போதித்த நம் பழைய துண்டுப் பிரசுரங்களின் கணக்கும் இப்படித்தான். இத்தனை துளி போனால் இத்தனை புத்தி போகும் என்று அளந்து சொன்னார்கள். அதனாற் கெட்ட மனங்கள் தேறிய மனங்களிலும் அதிகம் என்பது என் துணிபு. கவனம் சிதறினால் காரியம் கெடும் என்பது அனுபவம். அதற்கு மேல் அளவுகோல் வைத்து மிரட்டுவது வீண்.

சிதறாத கவனம் எதைச் செய்யும் என்பதற்கு நம் கல்லூரியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகி, 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் விபுலானந்தர் என்னும் துறவுப் பெயர் பூண்டார். 1925இல் ஈழம் மீண்டவர், இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியை உருவாக்குவதில் உழைத்தார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம், அண்ணாமலையிலும் கொழும்பிலும் பேராசிரியர் பதவி, இமயத்து மாயாவதியில் பத்திரிகாசிரியர் பணி என எத்தனையோ கடமைகளுக்கிடையே, பழந்தமிழரின் யாழ் எப்படி ஒலித்தது என்ற ஒரே வினாவை ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் அவர் விடவில்லை. யாழ் நூல் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஆறு வாரம் கழித்து, சூலை 19ஆம் நாள், அவர் மறைந்தார். கடமைகளைத் துறந்து குகைக்குள் ஒளித்திருந்து அவர் சக்தியைச் சேமிக்கவில்லை. பத்துக் காரியத்துக்கு நடுவிலும் வினா ஒன்றாக இருந்தது.

இனிச் சொல்லப் போவதை எழுதலாமா என்று பலமுறை தயங்கினேன். இலங்கைத்துறையிலும் அயல் ஊர்களிலும் கடல் கொண்டுபோன 2004 டிசம்பர் 26ஐயும், ஈச்சிலம்பற்றுப் பகுதியே வெறிச்சோடி வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்த 2006ஐயும் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு நள்ளிரவில் எழும் எண்ணம் பரீட்சைப் பயத்தைப் போன்றதன்று. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் போய், யாருக்கம்மா இந்த எண்ணம் என்று கேட்பவன் ஞானியுமல்லன், மனிதனுமல்லன். இந்த வினா ஒருவன் தனக்குத் தானே எடுத்துக்கொள்வதற்கு உரியது. பிறர் மேல் எறிவதற்கு உரியதன்று.

1995 அளவில் நம் நாட்டில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் இலட்சத்துக்கு 47 பேர். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. அவர்களுட் பலர் வயலுக்கு வைத்திருந்த கிருமிநாசினியை எடுத்தவர்கள். மிகக் கொடிய வகைகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. துன்பம் குறைந்துவிட்டதா? இல்லை, அந்த ஆண்டுகளிற் போரும் கடன் சுமையும் கடற்கோளும் இருந்தன. கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சு இல்லாதபோது, அந்த எண்ணம் எழுந்து, நின்று, தானே கடந்து போயிற்று. எண்ணம் வந்து போவது என்பதற்கு எந்தச் சாத்திர வாக்கியத்திலும் இதைவிட வலிய சான்று எனக்குத் தெரியவில்லை. ஆதலால் வீட்டில் ஒரு பிள்ளை வாடியிருக்கக் கண்டால், முதலில் நஞ்சுப் போத்தலைப் பூட்டி வையுங்கள், பக்கத்தில் இருங்கள், மூதூரிலோ திருகோணமலையிலோ உள்ள ஆசுபத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். நூலைப் பிறகு கொடுக்கலாம்.

மகரிஷியின் அன்னையார் அழகம்மாள் 1916இல் மகனைத் தேடி வந்து உடன் தங்கினார். 1922 மே 19ஆம் நாள் அவருக்கு இறுதி வந்தது. அன்று முழுவதும் மகன் அருகிலிருந்தார். மரிப்பது யார் என்று வினாவவில்லை; உபதேசம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கையை அன்னையின் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு, இரவு மூச்சு அடங்கும் வரை இருந்தார்.